பிபி ஏறுவதற்கு முன்பே

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், பேசிக்கொண்டே குடிக்கலாம். ஏழாம் மாதத்தில் பிபி 140/90-ஐ எட்டி, சிறுநீரில் புரதமும் இறங்கினால் டாக்டர் ‘ப்ரீ-எக்லாம்ப்சியா’ என்பார். வீட்டில் உப்பின் மேலும் ஊறுகாயின் மேலும் பழி விழும். ஆனால் கோளாறு தொடங்குவது நஞ்சுக்கொடியில்.

நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் பி.எல்.ஜி.எஃப். என்ற வளர்காரணியைச் சுரக்கிறது. ரத்தக்குழாய்கள் கிளைவிடவும், அவற்றின் உட்சுவர் நலமாக இருக்கவும் அது வேண்டும். சிக்கலில்லாத கர்ப்பத்தில் அது படிப்படியாகக் கூடி, 30-வது வாரத்தையொட்டி உச்சம் தொட்டு, பிறகு தானே இறங்கும். ஆகவே எத்தனையாவது வாரம் என்று தெரியாமல் அளவை மட்டும் பார்த்துப் பயப்படக்கூடாது.

அதே நஞ்சுக்கொடி எஸ்ஃபிளிட்-1 என்ற புரதத்தையும் விடுகிறது. வளர்காரணி போய் ஒட்ட வேண்டிய ஏற்பி குழாய்ச் சுவரில் இருக்கிறது. எஸ்ஃபிளிட்-1 சுவரில் நில்லாமல் ரத்தத்தில் மிதக்கும் ஏற்பி. கடைமடைக்குப் போகும் வாய்க்கால் தண்ணீரை நடுவழியில் மோட்டார் வைத்து இழுப்பதுபோல, வளர்காரணியை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். கடைசி வாரங்களில் இது எல்லோருக்கும் கூடும். நஞ்சுக்கொடிக்கு ரத்த ஓட்டம் சரியாக அமையாதவர்களுக்கு முன்கூட்டியே, அளவுக்கு மீறிக் கூடும். குழாய்கள் இறுகி பிபி ஏறும். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகிப் புரதம் கசியும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த அனந்த் கருமஞ்சியின் குழு, 2003-இல் பாஸ்டனில் கர்ப்பிணி எலிகளின் உடலில் எஸ்ஃபிளிட்-1 பெருகும்படி செய்தது. பிபியும் ஏறியது, சிறுநீரில் புரதமும் வந்தது. மறு ஆண்டு வெளியான ஆய்வில், பெண்களிடம் நோய் வெளிப்படுவதற்குச் சுமார் 5 வாரம் முன்பே எஸ்ஃபிளிட்-1 ஏறத் தொடங்குவது தெரிந்தது.

இப்போது எஸ்ஃபிளிட்-1, பி.எல்.ஜி.எஃப். இரண்டையும் அளந்து விகிதம் பார்க்கிறார்கள். சந்தேகத்துக்குரிய அறிகுறிகளோடு வருபவருக்கு விகிதம் 38-ஐத் தாண்டவில்லை என்றால், அடுத்த ஒரு வாரத்துக்குள் நோய் வர வாய்ப்பு மிகக் குறைவு என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. தேவையில்லாமல் அட்மிட் ஆவதைத் தவிர்க்க இது உதவும். கூடியிருந்தாலோ, நெருங்கிய கண்காணிப்பு வேண்டும். நோய் தணிய நஞ்சுக்கொடி வெளியே வந்தாக வேண்டும், அதாவது பிரசவம் ஆக வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: விகிதம் சொல்லும் தைரியம் அந்த ஒரு வாரத்துக்குத்தான். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் பழைய ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.