வறண்ட காலத்தில் வரும் வெள்ளம்

சஃபாரிக்கு வறண்ட காலம்தான் நல்லது என்று எல்லோரும் சொல்றாங்க. குட்டைகள் வற்றினால் விலங்குகள் ஆற்றங்கரைக்கு வந்தாகணும். புதரும் இலை உதிர்ந்து நிற்கும், யானை சுலபமாகத் தெரியும். போட்ஸ்வானாவில் இது மே முதல் அக்டோபர் வரை. நானும் எக்செல்லில் "அக்டோபர், ஒகவாங்கோ, ஓடம்" என்று போட்டு, லீவும் சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் அந்த ஆற்றைப் பற்றிப் படித்தேன். ஒகவாங்கோவில் ஏறும் வெள்ளம் பெரும்பாலும் அங்கோலா மேட்டுநிலத்து மழை. அது பெய்வது நம்ம மார்கழி, தை, மாசியில். டெல்டாவோ கிட்டத்தட்ட தட்டை நிலம், வழியெல்லாம் நாணலும் கோரையும். தண்ணீர் மாதக்கணக்கில் ஊர்ந்துதான் வந்து சேரும். அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, வானத்தில் ஒரு துளி இல்லாதபோது, அங்கே வெள்ளம் உச்சத்தில்! இந்த ஆறு கடலைப் பார்ப்பதேயில்லை. கலஹாரி மணலிலும் வெயிலிலும் முடிந்துபோகிறது.

அக்டோபருக்குள் பல கால்வாய்களில் நீர் இறங்கிவிடும். மொகோரோ ஓடத்துக்கு அது சரிப்படாது. சோபே ஆற்றுக்கோ அதுதான் சரியான மாதம். யானைகள் கூட்டம் கூட்டமாக வரும், வெயிலும் நாற்பதைத் தொடும்.

மகளுக்கு ஓடம், எனக்கு யானை. ஆகஸ்ட் கடைசி என்றால் இரண்டும் கிடைக்கும், ஆனால் பள்ளி விடாது. இப்போதைக்கு செப்டம்பர் கடைசி, காலாண்டு விடுமுறை: முதலில் சோபே, பிறகு வருஷம் முழுக்க நீர் நிற்கும் டெல்டாவின் வடபகுதி.