கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்பவர் யார்?

துப்பாக்கியை நாம் கண்டது சோதனைச் சாவடிகளிலும் காவலரண்களிலும்தான். அதைக் கடைக்குப் போய் விலை கேட்டு வாங்கலாம் என்பது எமக்குப் புதினமான கதை. ஐக்கிய அமெரிக்காவில் அது அன்றாடக் கொள்வனவு.

கைத்துப்பாக்கி வாங்க வருபவர் அதைக் கையில் பிடித்துப் பார்ப்பார். பிடி பொருந்துகிறதா, விசை இறுக்கமா, எத்தனை ரவை கொள்ளும், எப்படித் துப்புரவு செய்வது என்றெல்லாம் கேட்பார். 2023 இல் பியூ ஆய்வு மையம் நடத்திய கருத்துக்கணிப்பில், துப்பாக்கி வைத்திருப்போரில் 72 சதவீதமானோர் பாதுகாப்பை ஒரு முக்கிய காரணமாகக் கூறினர்.

தெரிவு செய்தபின் படிவம் 4473 ஐ நிரப்ப வேண்டும். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 'உங்களுக்காகத்தான் வாங்குகிறீர்களா?' என்றும் படிவம் கேட்கும். பொய் சொல்வது குற்றம். பின்னர் 1998 முதல் இயங்கும் எப்.பி.ஐ. பின்னணிச் சோதனை. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். மூன்று வேலை நாட்களில் முடிவு வராவிட்டால் கடைக்காரர் விற்கலாம் என்கிறது மத்திய சட்டம். 2015 இல் சார்ள்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவர் இந்த இடைவெளியால்தான் துப்பாக்கியைப் பெற்றார்.

ஆனால் இந்தச் சோதனை தேடுவது பழைய பதிவுகளைத்தான். அன்றைய மனநிலை அதில் தெரியாது. 2009 இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரு வாரத்துக்குள், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூவர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, சில மணித்தியாலங்களில் தற்கொலை செய்துகொண்டனர். மூவருக்கும் சட்டப்படிதான் விற்கப்பட்டது.

அதன்பின் அக்கடை உரிமையாளர் உட்பட வியாபாரிகளும் பொதுச் சுகாதாரத் துறையினரும் ஒன்றாக அமர்ந்து பேசினர். எந்த வாடிக்கையாளரைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டி உருவானது. துப்பாக்கி பற்றி எதுவும் தெரியாதவர், எந்த வகை என்றாலும் பரவாயில்லை என்பவர், பராமரிப்புப் பற்றிக் கேட்காதவர், மனமுடைந்து காணப்படுபவர். சந்தேகம் வந்தால் விற்க மறுக்கலாம். துப்பாக்கிக்கு எதிரானவர்கள் சொல்லியிருந்தால் கடைக்காரர்கள் காதில் போட்டிருப்பார்களோ தெரியாது. சொன்னது தங்களில் ஒருவர் என்பதால் கேட்டார்கள். அமெரிக்காவில் 2021 இல் துப்பாக்கியால் இறந்த 48,000 இற்கும் மேற்பட்டோரில் அரைவாசிக்கும் அதிகமானோர் தற்கொலை செய்தவர்களே.

தாமதம் உயிர் காக்குமா? விடை எமது நாட்டிலேயே இருக்கிறது. 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். பலர் கையில் எடுத்தது வீட்டு மூலையில் இருந்த கிருமிநாசினிப் போத்தலை. 1995 இலும் 1998 இலும் அதிநச்சு வகைகள் தடைசெய்யப்பட்டன. போர் நின்றிருக்கவில்லை, வறுமையும் தீரவில்லை. ஆனாலும் பத்து ஆண்டுகளில் அந்த வீதம் ஏறத்தாழ அரைவாசியானது.

(மனச்சோர்வில் இருப்பவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.)