சிறு காயம்தானே என்று விடலாமா?

காணி துப்புரவாக்கும்போது காலில் முள் தைக்கிறது. வரம்பு கட்டும்போது மண்வெட்டி விரலைச் சீவிவிடுகிறது. இடம்பெயர்ந்து வந்து, அன்றாடக் கூலியில் அடுப்பெரிக்கும் குடும்பத்தில் இதற்காக யாரும் வேலையை நிறுத்துவதில்லை. துணியால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் சேற்றில் இறங்குகிறோம். பெரிய காயத்துக்கு வைத்தியசாலைக்கு ஓடும் நாம், சிறு காயத்தைக் கவனியாது விடுவதே ஆபத்தாகிறது.

தோல் நமது உடலுக்கு வேலி. வேலியில் சிறு பொட்டு விழுந்தாலும் ஆடு புகுந்துவிடும். அதுபோலவே சிறு கீறலினூடாகவும் கிருமி உள்ளே புகும்.

ஏற்புவலி

இக்கிருமி மண்ணிலும் சாணத்திலும் உண்டு. காற்றுப் படாத இடத்திலேயே இது பெருகும். ஆகவே, இரத்தம் அதிகம் வராத, ஆழமான முள், ஆணி, முட்கம்பிக் காயங்களே கூடிய ஆபத்தானவை. துருப்பிடித்த ஆணியால் மட்டுமே ஏற்பு வரும் என எண்ணுவது தவறு. பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுள், காயம் ஆறிய பின்னரும்கூட, தாடை இறுகி வாய் திறக்க முடியாமற் போகலாம். இத்தகைய காயம் பட்டவுடன் ஏற்பூசி பற்றி வைத்தியசாலையில் கேளுங்கள். இடப்பெயர்வில் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் அதைத் தயங்காமற் சொல்லுங்கள்.

எலிக்காய்ச்சல்

எலியின் சலம் கலந்த வயல் நீரிலும் வெள்ளத்திலும் இக்கிருமி இருக்கும். வெடித்த குதிக்கால், சேற்றுப்புண், கீறல் வழியாக உடலுட் புகும். 2008இல் இலங்கையில் 7000க்கு மேற்பட்டோருக்கு இந்நோய் ஏற்பட்டதாகப் பதிவானது. 2024 டிசம்பரில், மழை வெள்ளத்தின் பின், யாழ்ப்பாணத்திலும் பரவி உயிர்களைப் பறித்தது. காய்ச்சல், கடும் தலையிடி, கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல், சலம் குறைதல் என்பன இதன் அறிகுறிகள். வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால், தாம் செய்த வேலையையும் வைத்தியரிடம் கூற வேண்டும். வயல் வேலை தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்புக் குளிசை பற்றி விசாரியுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதை முதலில் தெரிவிக்க வேண்டும்.

காயம் பட்டவுடன் செய்ய வேண்டியவை

1. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.
2. சுத்தமான நீரை ஊற்றி, சவர்க்காரத்தால் காயத்தை 5 நிமிடமாவது கழுவுங்கள். மண், முள் இருந்தால் அகற்றுங்கள். ஆழப் புதைந்ததைக் கிண்டாமல் வைத்தியரிடம் செல்லுங்கள்.
3. கோப்பித்தூள், சாம்பல், சாணி, சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள்.
4. துவைத்து வெயிலில் உலர்த்திய துணியால் கட்டி, தினமும் மாற்றுங்கள். ஆறும்வரை சேற்றில் இறங்காதிருப்பது நல்லது.

காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினால், சிதழ் வைத்தால், நெறி கட்டினால், காய்ச்சல் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இந்த அறிகுறிகள் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

ஒருநாட் கூலி போனால் மறுநாள் உழைக்கலாம். உழைக்கும் காலையும் கையையும் இழந்தால் குடும்பமே தளர்ந்துவிடும்.