எளிய மின்னியற்றியின் வினைத்திறனை அளவிடல்

மின்னியற்றி வெளியிடும் மின்னாற்றலுக்கும், அதனுள் செலுத்தப்படும் இயந்திர ஆற்றலுக்கும் உள்ள விகிதமே அதன் வினைத்திறன். வரையறை எளிது; சொற்கள் எளியவையல்ல. இலங்கைப் பாடநூல்களில் சக்தி, வலு, வினைத்திறன் என வழங்குவன, தமிழகப் பாடநூல்களில் முறையே ஆற்றல், திறன், பயனுறுதிறன் எனப்படுகின்றன. இரு மரபுப் பிள்ளைகளும் சேர்ந்து அமரும் புலம்பெயர் வகுப்பறையில் ‘திறன்’ என்றதும் ஒருவர் வாட்டையும், மற்றவர் விழுக்காட்டையும் எண்ணுவர். ஆதலின் தமிழகத்திலிருந்து ஆற்றலையும், இலங்கையிலிருந்து வலு, வினைத்திறன் என்பவற்றையும் இங்கே எடுத்தாள்கிறேன். கலப்பு என்று குறைகூறுவோர் கூறுக.

1843இல் ஜூல், விழும் எடைகளைக்கொண்டு காந்தமின் பொறியைச் சுழற்றி, பிறந்த வெப்பத்தை அளந்தார். அவ்வழியே நமக்கும் போதும். பற்சக்கரம் பூட்டிய சிறு நேரோட்ட மோட்டாரின் அச்சில் நூலைச் சுற்றி, 1 கிலோகிராம் எடையைத் தொங்கவிடுவோம். மின்முனைகளில் 10 ஓம் தடையை இணைப்போம். எடை சீரான வேகத்தில் 1 மீட்டர் இறங்க 4 வினாடி ஆகிறது. மின்னழுத்தம் 2 வோல்ட் எனக் கொள்வோம். உள்ளீடு 9.8 ஜூல். வெளியீட்டு வலு 0.4 வாட்; ஆற்றல் 1.6 ஜூல். வினைத்திறன் ஏறத்தாழ 16 விழுக்காடு.

பலர் இவ்விடத்தில் நிறுத்திவிடுகின்றனர். எஞ்சிய 84 விழுக்காடு எங்கே போயிற்று என்பதே கற்கத்தக்கது. மின்முனைகளைத் திறந்துவிட்டு, சற்றே தள்ளிவிட்டதும் வேகம் மாறாது இறங்கும் எடையைத் தேடுக. அது 350 கிராமாயின், உராய்வு விழுங்குவது 35 விழுக்காடு. சுருளின் தடை 30 ஓமாயின், எஞ்சிய 65 விழுக்காட்டில் நான்கிலொரு பங்கே வெளித்தடையைச் சென்றடையும். அதுவும் 16 விழுக்காடே. இரு வழிகளும் ஒரே எண்ணைத் தருவதே அளவீட்டுக்கு நற்சான்று.

இனி 10 ஓமுக்குப் பதிலாக 30 ஓம் இணைத்தால்? முறுக்குவிசை மாறாததால் மின்னோட்டம் அதே 0.2 ஆம்பியர்; எடைதான் விரைந்து இறங்கும். வினைத்திறன் இருமடங்காகிறது. முனைகளைக் குறுக்கே இணைத்தாலோ எடை மிக மெதுவாக இறங்கும். வெளியீடு சுழி, வெப்பமனைத்தும் சுருளுக்குள். மெதுவாக இறங்குவதே சிக்கனம் என எண்ணும் மாணவர் திகைப்பது இங்கேதான்.

தடையை மேலும் உயர்த்தினால் எடை சீர்வேகம் எய்துமுன் தரையைத் தொட்டுவிடும்; மேற்கூறிய கணக்கு அப்போது பொருந்தாது. மாடிப்படிக்கட்டின் நடுவெளியில் நூலை இறக்கி, கடைசி ஒரு மீட்டரை மட்டும் அளப்பது நலம். கீழே தடித்த மெத்தை ஒன்று இருக்கட்டும்.