டெலஸ்கோப் இல்லாமலே வானத்தை ஆராயலாமா? அமெச்சூர் வானியல் கிளப்புகளில் நடப்பது என்ன?

சனிக் கோளின் வளையத்தை டெலஸ்கோப்பில் பார்ப்பது, நிலாவை செல்போனில் படம் எடுப்பது, ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு வீடு திரும்புவது. வானியல் கிளப் என்றதும் பலருக்கும் தோன்றுவது இதுதான். அது ஆரம்பம் மட்டுமே. ஐடி ஊழியர், வங்கிக் காசாளர், கல்லூரி மாணவி என யார் வேண்டுமானாலும் விஞ்ஞானிகளுக்குத் தேவையான தரவுகளைத் திரட்டித் தர முடியும் என்பதுதான் இந்த கிளப்புகளின் உண்மையான பலம்.

கிளப்பில் அப்படி என்னதான் செய்வாங்க?

அமாவாசையை ஒட்டிய வார இறுதியில் ஊருக்கு வெளியே இருட்டான இடத்துக்குப் போய் இரவு முழுக்க வானம் பார்ப்பார்கள். பள்ளி மைதானங்களில் டெலஸ்கோப் வைத்து மாணவர்களுக்குக் காட்டுவார்கள். கண்ணாடியைத் தேய்த்து சொந்தமாக டெலஸ்கோப் செய்பவர்களும் உண்டு. கிரகணம் வந்தால் வேலை இரட்டிப்பு. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளில் வளைய சூரிய கிரகணம் தெரிந்தபோது, "வெளியே வராதீங்க" என்ற பயத்தைப் போக்கி, பாதுகாப்பான கண்ணாடியோடு மக்களைப் பார்க்க வைத்ததில் வானியல் ஆர்வலர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு குச்சியை வைத்து பூமியை அளக்க முடியுமா?

முடியும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இரண்டு நாள், உச்சிவேளையில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வரும். அந்த நொடியில் செங்குத்தாக நிற்கும் குச்சிக்கு நிழலே விழாது. இதுதான் நிழலில்லா நாள். சென்னையில் இது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய தேதிகளை ஒட்டி வரும்.

அதே நாளில் கன்னியாகுமரியில் உச்சிவேளையில் ஒரு மீட்டர் குச்சியை நட்டால், தெற்குப் பக்கமாகச் சுமார் 8.7 செ.மீ. நிழல் விழும். கணக்குப் போட்டால் 5 டிகிரி சாய்வு. இரண்டு ஊருக்கும் இடையிலான வடக்கு-தெற்குத் தூரம் சுமார் 553 கி.மீ. முழு வட்டத்துக்கு 360 டிகிரி என்பதால், இதை 72-ஆல் பெருக்கினால் போதும். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. என்று விடை வந்துவிடும். தேவை இரண்டு குச்சி, இரண்டு ஊர், ஒரு போன்கால். அவ்வளவுதான்!

வெறும் கண்ணால் பார்ப்பது எப்படி ஆராய்ச்சி ஆகும்?

நம்ம திருவாதிரை நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பீட்டல்ஜூஸ். இதன் பிரகாசம் கூடிக் குறையும். வானியலில் பிரகாசத்தை மேக்னிட்யூட் என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் கூடினால் மங்கல் என்று பொருள். வழக்கமாக 0.5-ஐ ஒட்டி இருக்கும் திருவாதிரை, 2020 பிப்ரவரியில் 1.6 வரை மங்கியது. வெடிக்கப் போகிறதா என்று உலகமே கேட்டது. நட்சத்திரம் வெளியே தள்ளிய வாயு குளிர்ந்து தூசாகி ஒளியை மறைத்ததே காரணம் எனப் பின்னர் தெரியவந்தது. அந்த மங்கலை நாள்வாரியாகப் பதிவு செய்தவர்களில் உலகெங்கும் உள்ள அமெச்சூர்களும் உண்டு.

முறை எளிது. பிரகாசம் மாறாத, எண் தெரிந்த இரண்டு நட்சத்திரங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று திருவாதிரையைவிடப் பளிச்சென்று, மற்றது மங்கலாக இருக்கணும். திருவாதிரை இரண்டுக்கும் நடுவே எங்கே வருகிறது என்று கணித்து, தேதி, நேரத்தோடு குறிக்க வேண்டும். 1911-இல் தொடங்கப்பட்ட ஏஏவிஎஸ்ஓ என்ற அமெரிக்க அமைப்பு இத்தகைய பதிவுகளை உலகம் முழுவதிலிருந்தும் சேகரிக்கிறது.

பெரிய டெலஸ்கோப்புகள் இருக்கும்போது நாம எதுக்கு?

பெரிய டெலஸ்கோப்பில் நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒரே நட்சத்திரத்தை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மிகப் பிரகாசமான நட்சத்திரங்கள் அவற்றின் கேமராக்களைத் திணறடித்தும் விடும். தவிர, அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது இங்கே இரவு. அந்த இடைவெளியை நிரப்ப இங்கே ஆள் வேண்டும்.

அப்படி நிரப்பியவர்தான் ராதாகோவிந்த சந்திரா. இன்றைய வங்கதேசத்தின் ஜெசோரில் அரசுக் கருவூல ஊழியர். பள்ளி இறுதித் தேர்வைத் தாண்டாதவர். இவர் ஏஏவிஎஸ்ஓ-வுக்கு அனுப்பிய பதிவுகள் 37,000-க்கும் மேல்! இவருடைய உழைப்பைப் பார்த்து, 1926-இல் அமெரிக்காவிலிருந்து 6 அங்குல டெலஸ்கோப் ஒன்றையே அனுப்பி வைத்தார்கள். அந்த டெலஸ்கோப் பின்னாளில் வானியலாளர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, ஜவ்வாது மலையில் உள்ள நம்ம காவலூர் ஆய்வகத்தைச் சேர்ந்தது.

இப்போ என்ன பிரச்சினை?

வெளிச்சம். மேல்நோக்கிச் சிதறும் தெருவிளக்கு, விளம்பரப் பலகை வெளிச்சம் நகர வானத்தை வெளுக்க வைக்கிறது. சென்னைக்குள் நின்று பால்வெளியைப் பார்க்கவே முடியாது. திருவாதிரை தெரியும், ஆனால் மங்கலான நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. ஒப்பிட நட்சத்திரம் இல்லாவிட்டால் பதிவும் இல்லை. லடாக்கின் ஹான்லேவில் இருண்ட வானக் காப்பகமே அமைத்திருக்கிறார்கள். எல்லா ஊருக்கும் அது சாத்தியமில்லை. ஆனால் விளக்கின் ஒளி தரையை மட்டும் நோக்கும்படி மூடி போடுவது எந்த உள்ளாட்சிக்கும் சாத்தியம்தான்.

சேரணும்னா என்ன வாங்கணும்?

முதல் நாளே டெலஸ்கோப் வாங்க வேண்டாம். ஒரு பைனாகுலர் போதும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதுவரை செல்போன் திரையைப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி. வழி பார்க்கச் சிவப்பு விளக்கு நல்லது. சூரியனை மட்டும் உரிய வடிகட்டி இல்லாமல் எந்தக் கருவியிலும் பார்க்கவே கூடாது.

மார்கழி இரவுகளில் கிழக்கே எழும் திருவாதிரையை, அருகில் உள்ள ரோகிணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது பளிச்? பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் முதல் பதிவு.