ஆறாம் வயதில் வரும் ஆறாவது பல்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளின் பொக்கைவாய்ச் சிரிப்பு நமக்குப் பழகியது. முன்பல் விழும் அதே வயதில், வாயின் பின்கோடியில் சத்தமில்லாமல் வேறொரு பல் முளைக்கிறது. எந்தப் பால்பல்லும் விழாமல், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் புதிதாக வருவது அது. பெயர், முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். முன்பல் நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது. மேலே இரண்டு, கீழே இரண்டு என மொத்தம் நான்கு.

எதுவும் விழாமல் வருவதால் இதையும் பால்பல் என்றே வீட்டில் எண்ணிவிடுகிறார்கள். "விழப்போற பல்லுதானே டீச்சர், தானா முளைச்சுக்கும்" என்றார் ஸ்ரீரங்கத்தில் ஒரு தாய். அவர் மகன் அப்போது ஆறாம் வகுப்பு. கன்னம் வீங்கி, மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. சொத்தையானது அந்த ஆறாவது பல்தான். அது போனால் போனதுதான்.

வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையையும் மாவுப்பண்டத்தையும் அமிலமாக்குகின்றன. அமிலகாரத்தன்மை (பி.எச்.) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கும்போது பல்லின் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதை மீண்டும் சமன்செய்ய அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதோடு, எத்தனை முறை என்பதும் முக்கியம். மதிய உணவோடு ஒரு கடலை உருண்டை தின்பவனைவிட, பெட்டிக்கடை மிட்டாயைக் காலை முதல் மாலை வரை கன்னத்தில் அடக்கிக்கொண்டிருப்பவனுக்கே ஆபத்து அதிகம். 1940-களில் சுவீடனின் விப்பேஹோல்ம் காப்பகத்தில் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கு ஒட்டும் மிட்டாய்களை உணவு வேளைகளுக்கு இடையே கொடுத்துச் சொத்தையை வரவழைத்தே இதைக் கண்டறிந்தார்கள். இன்று எந்த நாடும் அனுமதிக்காத கொடுமை அது. முடிவு மட்டும் பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

ஆறாவது பல்லுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஈறைக் கிழித்துத் தலைகாட்டிய பிறகு முழு உயரத்துக்கு வளர ஓராண்டுக்கு மேல்கூட ஆகும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்தே இருக்கும். வழக்கம்போல் முன்னும் பின்னும் தேய்த்தால் பிரஷ் அதைத் தொடாமலே கடந்துவிடும். கன்னப் பக்கத்திலிருந்து பிரஷைக் குறுக்காக நுழைத்து, மேற்பரப்பின் பள்ளங்களில் தேய்க்க வேண்டும். ஏழு வயது வரையாவது பெரியவர்கள் தேய்த்துவிடுவது நல்லது.

அம்மா மண்டபம் படித்துறையில் வேப்பங்குச்சியோடு நிற்கும் பெரியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் குழந்தையின் கைக்குக் குச்சி அந்தப் பின்மூலை வரை எட்டாது. அதில் ஃபுளூரைடும் இல்லை. சாம்பல், செங்கல் தூள் எனாமலைத் தேய்த்தேவிடும். பற்பசை உறையில் ஃபுளூரைடு அளவு 1000 பி.பி.எம். என்று இருக்கிறதா பாருங்கள். நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவும் அதுவே. மூன்று வயதுக்குள் அரிசியளவு, ஆறு வயது வரை பட்டாணியளவு போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவது பணத்துக்கும் கேடு, விழுங்கும் குழந்தைக்கும் கேடு. தருமபுரிப் பக்கம் பணியாற்றியவர்கள் நிலத்தடி நீரில் மிகுந்த ஃபுளூரைடால் பல் பழுப்பேறிய பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய ஊர்களில் பல் மருத்துவரைக் கேட்டுச் செய்வதே சரி. தேய்த்தபின் துப்பினால் போதும், பலமுறை கொப்பளித்தால் ஃபுளூரைடும் போய்விடும்.

இரு வேளையில் விடக்கூடாதது இரவு. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடுவதால், பல்லில் தங்கிய உணவைக் கழுவ ஆளில்லை.

பள்ளியில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பல் துலக்கவைக்க நமக்கு நேரமும் இல்லை, குழாயும் போதாது. காலை உணவுக்கும் சத்துணவுக்கும் பின் வாய் கொப்பளிக்கச் செய்யலாம். ஒரு பக்கமே மென்று தின்பவர், குளிர்ந்த நீரைக் குடிக்கத் தயங்குபவர், கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவர் யாரெனக் குறித்துவைக்கலாம். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் பற்சிதைவும் உண்டு. மருத்துவக் குழு வரும் நாளில் அந்தப் பெயர்களைக் கொடுத்து, "ஆறாவது பல்லைப் பாருங்கள்" என்று கேளுங்கள். சொத்தை விழாத பல்லாக இருந்தால் பள்ளங்களை மூடும் சீலன்ட் பூச்சு பற்றியும் விசாரியுங்கள். வலியில்லாதது, ஊசி வேண்டாதது. பல் வந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் பூசினால்தான் முழுப் பயன்; அதாவது, குழந்தை ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் இருக்கும்போதே.