“கால்” என்றால் நேற்று



சர்க்கரை நோயுள்ள ஒரு வங்காளத் தாயார் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். “கால் தேக்கே மாத்தா குர்ச்சே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் செவிலிச் சகோதரிக்கு எட்டியது “கால்” ஒன்றே. காலில் புண் இருக்குமென்று எண்ணி, இரு பாதங்களையும் கழுவி, விரலிடுக்கு விடாமல் பார்த்தார். அன்பாய்த்தான் செய்தார். வங்காள மொழியிலோ “கால்” என்றால் நேற்று. (நாளைக்கும் அதே சொல்தானாம்!) நேற்றிலிருந்து தலை சுற்றுகிறது என்றே அந்தத் தாயார் சொல்லியிருக்கிறார். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்ததை, அவர் பெஞ்சில் சாய்ந்த பிறகே அறிந்தோம். குளுக்கோஸ் ஏற்றியபின் கண்விழித்தார். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

எல்லாரும் இப்படித் தப்புவதில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் 1980-ல், மயங்கிக் கிடந்த 18 வயது மகனைக் குறித்து கியூபா நாட்டுக் குடும்பத்தார் “இன்டாக்சிகாதோ” என்றார்கள். உண்டது ஒவ்வாமல் நோயுற்றான் என்பது அவர்கள் கருத்து. மருத்துவர்கள் போதைமருந்து என்று கொண்டார்கள். மூளையில் கசிந்த இரத்தம் காலத்தில் கவனிக்கப்படவில்லை. கைகால் நான்கும் செயலிழந்தன. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. புரிந்துவிட்டதென்றே இருதரப்பாரும் இருந்துவிட்டார்கள்.

எங்களுக்கும் அந்த மயக்கம் உண்டு. ஜார்க்கண்டிலிருந்து வந்த முதியவர் ஒருவரை “இந்திக்காரர்” என்று பதிந்து வைத்தோம். அவர் தாய்மொழி சந்தாலி. மகன்தான் இந்தியில் பேசினார். தகப்பனாருக்கும் அவரே சொல்லிக் கொடுத்தார். புற்றுநோய் முற்றிவிட்டது, இனிக் குணமாகாது என்று மருத்துவர் கூறியதை, “இன்னும் சில ஊசி போட்டால் சரியாகும்” என்று மகன் மாற்றிச் சொன்னது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கட்டிலருகே நின்று ஜெபித்தோம். அதையும் அதே மகன்தான் மொழிபெயர்த்தார். சந்தாலி பேசும் செவிலியர் மாணவி ஒருத்தி ஒரு மாலையில் தற்செயலாய் அவரோடு பேசினாள். அவர் அவளிடம் கேட்டது ஒன்றே: “நடவுக்குமுன் ஊர் போய்ச் சேருவேனா, அம்மா?” மாணவி மருத்துவரை அழைத்து வந்தாள். மூன்றாம் நாள் அவர் ரயிலேறினார்.

மகனைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. பாசமுள்ள பிள்ளை. ஆயினும் மொழிபெயர்ப்பைப் பாசத்தின் கையில் ஒப்படைத்தது எங்கள் பிழை. லாட்ஜ் பையன்களை நம்பி மாதர் நோய்களை விசாரித்ததும் அவ்வாறே.

1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். அன்று நம்மவர் நோயாளிகள். அந்நியர் நம் மொழிக்கு வந்தார். இன்று கட்டிலருகே நிற்பவர்கள் நாம்.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனமும், நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விளக்கவேண்டும் என்கிறது. ஆகவே இப்போது பதிவுச் சீட்டில், “வீட்டில் பேசும் மொழி எது?” என்று கேட்கிறோம். “புரிந்ததா?” என்று கேட்பதை விட்டோம், அதற்கு எல்லாரும் தலையாட்டுவார்கள். “வீட்டுக்குப் போய் மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்” என்கிறோம். சீட்டில் 1-0-1 என்று எழுதிக்கொடுத்தால், நடுவிலுள்ள சுழியம் மதியவேளை என்று யாருக்குத் தெரியும்? காலைக்குச் சூரியனும் இரவுக்குச் சந்திரனும் வரைந்த மருந்து உறைகளைத் தங்கள் காணிக்கையிலிருந்தே அச்சிட்டோம்.

வங்காளமும் ஒரியாவும் பேச ஆள் போதவில்லை. கரக்பூர் ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற தமிழர் தங்கள் சபையில் இருக்கக்கூடும். வாரத்தில் ஒரு காலை, இரண்டு மணி நேரம் வந்தால் போதும். பயிற்சி நாங்கள் தருகிறோம். கேட்டதை வெளியே சொல்லாமலும், சொன்னதைக் கூட்டிக் குறைக்காமலும் இருக்கவேண்டும், அவ்வளவே. வெளிநோயாளர் பிரிவு காலை எட்டு மணிக்குத் திறக்கிறது.